இடது பக்கத்து பிஸ்கட்டுகள்

சித்தப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய அன்று, உலகத்தின் இடது பாதியைக் காணவில்லை. இது உலகத்துக்குத் தெரியாது. சித்தப்பாவுக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் சித்தி, அப்பா, நான், அப்புறம் அவருடைய மூளையைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர்.

பக்கவாதம். மூளையின் வலது பக்கத்தில் ஒரு ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டுவிட்டது என்றார் டாக்டர். இடது கையும் காலும் கொஞ்ச நாள் சொன்ன பேச்சு கேட்காது, பயிற்சி கொடுத்தால் தேறிவிடும். சிக்கல் வேறு இடத்தில். கண் இரண்டும் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் கண் கொண்டுவந்து இறக்கும் சரக்கில் இடது பக்கத்து மூட்டைகளை மட்டும் மூளை வாங்கி வைப்பதில்லை. அப்படி ஒரு பக்கம் இருப்பதே அதற்கு ஞாபகமில்லை.

"கண்ணாடியை மாத்திப் பார்க்கலாமா டாக்டர்?" என்று கேட்டார் அப்பா. அப்பாவைப் பொறுத்தவரை எந்த நோயும் கண்ணாடியில்தான் ஆரம்பிக்கிறது.

மறுநாள் காலையில் சித்தப்பா முகத்தின் வலது பக்கத்தை மட்டும் வழவழவென்று ஷேவ் செய்துகொண்டு, சித்தியின் தோளைப் பிடித்தபடி திருப்தியோடு சாப்பாட்டு மேசைக்கு வந்தார். ஆம்லெட்டின் வலது பாதியைச் சாப்பிட்டார். முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"என்னடி, முட்டைக்குப் பஞ்சமா? பாதிதான் போட்டிருக்க."

சித்தி தட்டைத் திருப்பி வைத்தாள். மீதிப் பாதி வலது பக்கம் வந்தது.

"இதை முதல்லயே வச்சா என்ன?" என்று சொல்லிவிட்டு அதையும் சாப்பிட்டார். சித்தி சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். குழாயை ஏன் திறந்தாள் என்றால், அழுகிற சத்தம் கேட்கக் கூடாதாம். அவள் நின்ற இடம் சித்தப்பாவுக்கு இடது பக்கம். திறக்காமலே அழுதிருக்கலாம்.

இதில் சிரிப்பதா அழுவதா என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. காரணம், சித்தப்பா படம் எடுக்கிறவர். வீட்டுக்குக் கீழேயே ஸ்டூடியோ. பாஸ்போர்ட் போட்டோ, குழந்தை போட்டோ எல்லாம் எடுப்பார் என்றாலும் ஊரில் அவர் பெயர் நிற்பது குரூப் போட்டோவில். எத்தனை பேர் நின்றாலும் அவர் படத்தில் ஒருவர் கண்ணும் மூடியிருக்காது. அதற்கு அவர் கையாளும் முறை எளிமையானது. திட்டுவார். கேமராவை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை ஒவ்வொரு முகமாகப் பார்த்துத் திட்டிக்கொண்டே போவார். "ரெண்டாவது வரிசை, நீலக் கண்ணாடி, அது சிரிப்பா பல்வலியா?" "தடியா, முன்னாடி இருக்கிற பொண்ணு தலைமேல தாடையை வைக்காத, அது மேசை இல்ல." எல்லோரும் திட்டு வாங்கி முடித்ததும் முகங்களில் ஒரு பொதுவான உணர்ச்சி வந்திருக்கும். அப்போது அழுத்துவார்.

இன்னொரு வழக்கமும் உண்டு. கூட்டத்திலேயே சேட்டைக்காரன் யாரோ அவனைத் தனக்கு இடது ஓரத்தில் நிறுத்துவார். "நடுவுல நின்னா நாலு பேரைக் கெடுப்பான். ஓரத்துல நின்னா ஒருத்தனைத்தான் கெடுக்க முடியும்." என் பள்ளிக்கூடத்துக்கும் அவர்தான் படம் எடுத்தார். ஒண்ணாங்கிளாஸிலிருந்து எல்லாக் குரூப் போட்டோவிலும் நான் இடது ஓரத்தில் இருக்கிறேன். அவர் என்னை வாலு என்றுதான் கூப்பிடுவார்.

இப்போது என் காலேஜுக்கும் அவர்தான். கடைசி வருடக் குரூப் போட்டோ பரீட்சைக்கு முன்னால் எடுப்பார்கள். இந்த முறை அது எங்கள் வகுப்பு. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் விழித்ததும் சித்தப்பா கேட்ட முதல் கேள்வி, "காலேஜ் போட்டோவுக்குத் தேதி சொல்லிட்டாங்களா?" "அதை நான்தான் எடுப்பேன்" என்று டாக்டரிடம், நர்ஸிடம், பக்கத்துக் கட்டில்காரரிடம், வலது பக்கம் வந்த எல்லோரிடமும் சொன்னார். இடது பாதி இல்லாதவர் குரூப் போட்டோ எடுத்தால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும். அவரிடம் சொல்லத்தான் ஆள் இல்லை.

சொல்வதற்குப் பதிலாகச் சித்தி வீட்டை மாற்றி அடுக்கினாள். அவருடைய நாற்காலிக்கு வலது பக்கம் டிவி வந்தது. தண்ணீர், மாத்திரை, போன், பேப்பர், மின்விசிறி சுவிட்ச் எல்லாம் வலது பக்கம். பார்க்க வருகிறவர்களுக்கு வாசலிலேயே, "அந்தப் பக்கமா போய் உக்காருங்க, அவருக்குக் கஷ்டமா இருக்கும்" என்று வழி காட்டப்பட்டது. ஒரு வாரத்தில் அந்த வீட்டுக் கூடம், எல்லோரும் ஒரே பக்கம் ஏறிய படகு மாதிரி ஆனது. இடது பக்கம் ஒரு பழைய சோபா மட்டும் அனாதையாகக் கிடந்தது. அதில் நான் உட்கார்ந்துகொண்டேன்.

எனக்குப் புள்ளியியலில் ஒரு அரியர் இருந்தது. சித்தப்பா என்னைக் கண்டாலே, "அரியர் என்னாச்சு?" என்பார். வணக்கத்துக்குப் பதில் அதுதான். இந்தச் சோபாவில் அந்தக் கேள்வி வராது. நான் ஏதாவது பேசினால்கூட அவர் வலது பக்கம் உட்கார்ந்திருக்கும் அப்பாவைப் பார்த்துப் பதில் சொல்வார்.

"சித்தப்பா, கிரிக்கெட் வைக்கட்டுமா?"

"இந்த வயசுல உனக்கு எதுக்கு அண்ணா கிரிக்கெட்?"

"நான் வாயே திறக்கலையேடா" என்பார் அப்பா.

பிறந்ததிலிருந்து இவ்வளவு நிம்மதியாக நான் அந்த வீட்டில் இருந்ததில்லை. அதோடு, சித்தி மாலையில் கொண்டுவரும் பிஸ்கட் தட்டிலும் ஒரு இடது பாதி இருந்தது. அதை அவர் எப்படியும் சாப்பிடப் போவதில்லை. வீணாகப் போகக் கூடாதென்று அந்தப் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன்.

அப்படி ஒரு மாலையில் பொறுப்பை நிறைவேற்றிக்கொண்டிருந்தபோதுதான் தெரபி மேடம் உள்ளே வந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வாரம் சில நாள் வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்க அனுப்பப்பட்டவள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள். ரப்பர் ஷூ, தோளில் ஒரு பெரிய பை, பைக்குள் பந்துகளும் குச்சிகளும். கூடத்தைச் சுற்றி ஒருமுறை பார்த்தாள்.

"யார் இந்த வீட்டை இப்படி அடுக்கினது?"

"நான்தாம்மா" என்றாள் சித்தி, பாராட்டுக்குத் தயாராக. "அவர் கழுத்தைக்கூடத் திருப்ப வேண்டாம். எல்லாம் கைக்கெட்டுற தூரத்துல."

"அதான் தப்பு."

சித்திக்கு முகம் விழுந்துவிட்டது. தெரபி மேடம் அவளை உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னாள். "அடிபட்ட இடம் அடிபட்டதுதான்மா. ஆனா மூளை அந்த வேலையைப் பக்கத்துல இருக்கிறவங்களுக்கு மாத்திக் குடுக்கும். பழைய வழி அடைச்சுப்போனா, சுத்திக்கிட்டாவது புது வழி போட்டுக்கும். வயசானாலும் போடும். ஒரே ஒரு நிபந்தனை. தேவை இருந்தாத்தான் போடும். இடது பக்கம் திரும்பியே ஆகணுங்கிற தேவை ஒரு நாளைக்கு நூறு தடவை வரணும். நீங்க எல்லாரும் சேர்ந்து அந்தத் தேவையையே இல்லாம பண்ணிட்டீங்க."

"பாசத்துலதான்..."

"தெரியும்மா. எல்லா வீட்டுலயும் பாசம்தான் எனக்குப் பெரிய தொல்லை." சொல்லிவிட்டுத் திரும்பியவள் என்னைப் பார்த்தாள். என் வாயில் ஒரு பிஸ்கட்டும் கையில் ஒரு பிஸ்கட்டும் இருந்தன. "இது யாரு?"

"இவரோட அண்ணன் பையன்" என்றாள் சித்தி. "உதவிக்கு வர்றான்."

"என்ன உதவி?"

நான் வாயிலிருந்ததை விழுங்கினேன்.

தெரபி மேடம் என்னைத் திட்டப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் தட்டைப் பார்த்தாள், சித்தப்பாவைப் பார்த்தாள், மறுபடி தட்டைப் பார்த்தாள். பிறகு தாழ்ந்த குரலில், "தினமும் திருடு" என்றாள். "ஆனா இடது பக்கத்துலேர்ந்து மட்டும். எடுத்ததை அவர் காதுல விழுற மாதிரி நறுக்கு நறுக்குனு கடி."

என் வாழ்க்கையில் முதல்முறையாக, நான் செய்துகொண்டிருந்த ஒன்று வைத்தியம் என்று அங்கீகரிக்கப்பட்டது.

அன்றே வீடு திருப்பி அடுக்கப்பட்டது. டிவி இடது பக்கம் போனது. தண்ணீர் இடது பக்கம், போன் இடது பக்கம். போன் அடித்தால் சித்தப்பா வலது பக்கம் முழுக்கத் தேடுவார். "போனை எவன் எடுத்தான்?" சித்தி எழப் போவாள். தெரபி மேடம் கற்றுக்கொடுத்தபடி நாங்கள் அவளுடைய கையைப் பிடித்து உட்கார வைப்போம். உதவாமல் இருப்பதற்கு அந்த வீட்டில் தனிப்பயிற்சி தேவைப்பட்டது. எனக்கு மட்டும் தேவைப்படவில்லை. இயல்பாகவே வந்தது.

திருட்டு தினமும் நடந்தது. கடித்தேன். சத்தமாகக் கடித்தேன். முதல் சில நாள் சித்தப்பா, "வீட்டுல எலி இருக்கு" என்றார். அப்புறம், "எலி பிஸ்கட்டா திங்குது" என்றார். அப்புறம் தட்டை விரலால் தடவ ஆரம்பித்தார். தட்டின் விளிம்பைத் தொட்டுக்கொண்டே விரல் மெல்ல இடது பக்கம் நகரும், பாதியில் நின்றுவிடும், அங்கே உலகம் முடிந்துவிட்ட மாதிரி. தெரபி மேடம் பக்கத்தில் நின்று, "இன்னும் கொஞ்சம் போங்க சார். தட்டு வட்டமாத்தானே இருக்கும்" என்பாள். வட்டம் என்ற வார்த்தை அவரை யோசிக்க வைத்தது.

ஒரு மாலை நான் கையை நீட்டினேன். பிஸ்கட்டுக்கு ஒரு விரல் தூரத்தில், அவருடைய வலது கை குறுக்கே பறந்து வந்து என் மணிக்கட்டில் பளாரென்று விழுந்தது.

"திருட்டு வாலு, நீதானா அந்த எலி?" தலை திரும்பியிருந்தது. இடது பக்கம். கண் என்னையே பார்த்தது. "எவ்வளவு நாளா இங்க உக்காந்திருக்க? அரியர் என்னாச்சு?"

சித்தி ஓடி வந்தாள். அப்பா ஓடி வந்தார். கொரியர் கொடுக்க வாசலுக்கு வந்தவரும் ஓடி வந்தார். நான் அடி வாங்கியதை எல்லோரும் கைதட்டிக் கொண்டாடினார்கள். சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தடவை அடிங்க, பார்ப்போம்" என்றாள்.

இதற்குப் பிறகு முன்னேற்றம் ஏணியில் ஏறுவது போலப் போயிருந்தால் இந்தக் கதையை இங்கேயே முடித்திருக்கலாம். சித்தப்பா தெருவில் நடக்கப் பழகினார், கையில் தடியோடு. அங்கே வேறு பிரச்சினை. போகும்போது இடது பக்கத்துக் கடைக்காரர்கள் கையசைப்பார்கள், அவர் கண்டுகொள்ளாமல் போவார். திரும்பி வரும்போது எதிர்வரிசை இடது பக்கம் ஆகிவிடும், அவர்களுக்குக் கோபம். கொஞ்ச நாளில் தெருவில் இரண்டு வரிசைகளும் அவரோடு மனஸ்தாபத்தில் இருந்தன. தையல்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க சித்தப்பாவுக்கு நான் என்னப்பா குறை வச்சேன்? போகும்போது பார்க்க மாட்டேங்கிறார், வரும்போது மட்டும் சிரிக்கிறார்" என்றார். வரும்போது நீங்கள் வலது பக்கம் என்று நான் விளக்கினேன். அவருக்குப் புரியவில்லை. ஆனால் மறுநாள் சித்தப்பா கடையைத் தாண்டும்போது கத்தரிக்கோலைக் கடகடவென்று ஆட்டினார். சித்தப்பா திரும்பினார். அதன் பின் எல்லாக் கடைக்காரர்களும் ஆளுக்கொரு சத்தம் வைத்துக்கொண்டார்கள். தெரபி மேடம் இதைக் கேட்டுவிட்டு, சம்பளம் இல்லாமல் இவ்வளவு பேர் தனக்குக் கீழே வேலை செய்வது இதுதான் முதல்முறை என்றாள்.

இந்தத் தைரியத்தில்தான் சித்தப்பா ஒருநாள் எங்களையெல்லாம் கீழே ஸ்டூடியோவுக்குக் கூப்பிட்டார்.

"குடும்பப் படம் ஒண்ணு எடுப்போம். கை பழகணும். காலேஜ் போட்டோ வருதுல்ல."

கேமரா மேல் போர்த்தியிருந்த துணியை எடுத்தார். இடது கை கொஞ்சம் தேறியிருந்தது. ஸ்டாண்டைப் பிடித்துக்கொள்ள முடிந்தது. அப்பா, அம்மா, நான் நின்றோம். சித்தி பவுடர் போட்டுக்கொண்டு கடைசியாக வந்து, அவருக்கு இடது ஓரத்தில் நின்றாள். சித்தப்பா பழைய தோரணையில் வலது ஓரத்திலிருந்து திட்டிக்கொண்டு வந்தார். "அண்ணா, வயித்தை உள்ள இழு. பத்தாது. அண்ணி, அவரைப் பார்க்காதீங்க, என்னைப் பாருங்க. வாலு, மனுஷன் மாதிரி நில்லு." அழுத்தினார்.

கம்ப்யூட்டர் திரையில் படத்தைப் போட்டார். அப்பா, அம்மா, நான். சித்தி நின்ற இடத்தில் ஒரு முழங்கை மட்டும் இருந்தது.

"பளிச்சுனு வந்திருக்குல்ல?" என்றார்.

சித்தி அவருக்கு வலது பக்கம் வந்து நின்று, "நல்லா இருக்குங்க" என்றாள்.

சித்தப்பா அவளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். "நீ ஏன்டி வந்து நிக்கல?"

"நின்னேங்க."

"எங்க?"

சித்தப்பா திரையின் விளிம்பில் விரலை வைத்து, தட்டைத் தடவுவது போல மெல்ல இடது பக்கம் நகர்த்தினார். முழங்கையில் வந்து விரல் நின்றது. அந்த முழங்கையை ரொம்ப நேரம் பார்த்தார். அதுவரை தெரபி மேடம் சொன்னதெல்லாம் அவளுடைய கற்பனை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார். அன்றுதான் நம்பினார்.

லென்ஸை மூடினார். துணியை எடுத்துப் போர்த்தினார்.

"வாலு, காலேஜ்ல போய்ச் சொல்லிடு. இந்த வருஷம் அந்த ட்ரோன்காரனையே எடுக்கச் சொல்லு."

ட்ரோன்காரன் என்பவர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் புதிதாக ஸ்டூடியோ போட்டவர். ஆட்களை ஆகாயத்திலிருந்து எடுப்பார். அவர் படத்தில் எல்லோரும் இருப்பார்கள், உச்சந்தலை மட்டும்.

"கொஞ்சம் பின்னால தள்ளி நின்னு எடேன்டா" என்றார் அப்பா. "எல்லாரும் தானா உள்ள வந்துருவாங்க."

"பின்னால போய்ப் போய் எடுத்தா அது குரூப் போட்டோ இல்ல அண்ணா, எறும்புப் புத்து." சிரிக்காமல் சொல்லிவிட்டு மாடிப்படி ஏறிப் போனார். அன்று பிஸ்கட் தட்டு வந்தபோது இடது பாதியை முழுவதுமாக நான் சாப்பிட்டேன். அவர் தடுக்கவில்லை. ருசியே இல்லை.

மறுநாள் செய்தியைச் சொல்லத் துறைத்தலைவர் அறைக்குப் போனேன். நான் பொதுவாக உண்மை பேசுகிறவன். கதவைத் தட்டி உள்ளே போய் நிற்பதற்குள் என்ன ஆனதென்று தெரியவில்லை.

"சித்தப்பா ரெடி சார். தேதி மட்டும் சொல்லுங்க" என்றேன்.

தேதியோடு வீட்டுக்குத் திரும்பினேன். சித்தப்பா தடியை எடுத்தார். இடது பக்கம் ஒதுங்கினேன். பயனில்லை, ஆள் அசைந்தால் இப்போதெல்லாம் அந்தப் பக்கமும் அவருக்குத் தெரிந்தது.

"யாரைக் கேட்டுடா சொன்ன?"

"வாய் தவறிடுச்சு சித்தப்பா."

"போய்த் திருப்பிச் சொல்லு."

"சொல்லிடலாம். ட்ரோன்காரர் எடுத்தா என் உச்சந்தலைதான் விழும். சின்ன வயசுலேர்ந்து நீங்கதானே எடுத்தீங்க. கடைசிப் படத்துல மட்டும் மூஞ்சி இல்லாம இருக்கட்டும். பரவாயில்ல."

தடி கீழே இறங்கியது. "உன் மூஞ்சிக்கு அதுதான் நல்லது" என்றார். ஆனால் தெரபி மேடம் வந்ததும் அவரே கேட்டார். "இந்த இடது ஓரத்தைப் பிடிக்க வேற ஏதாவது வழி இருக்கா மேடம்?"

அவள் பையிலிருந்து ஒரு சிவப்பு ரிப்பனை எடுத்தாள். செய்தித்தாளின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒட்டினாள். "சிவப்பைக் கண்ணால பிடிக்காம எந்த வரியையும் ஆரம்பிக்கக் கூடாது சார். வரி முடிஞ்சதா, திரும்பச் சிவப்புக்கு வரணும். அதுதான் உங்க கரை."

அதுவரை அவர் ஒவ்வொரு வரியின் பின்பாதியை மட்டும் படித்துவிட்டு, "ஒண்ணும் புரியலையே, என்ன எழுதுறானுங்க" என்று கோபப்படுவார். முழுசாகப் படித்தாலும் அப்படித்தான் என்று அப்பா ஆறுதல் சொல்லுவார். இப்போது ரிப்பனைத் தேடித் தேடிப் படித்தார். தட்டின் ஓரத்தில் ரிப்பன், கதவின் ஓரத்தில் ரிப்பன், ஷேவ் செய்யும் கண்ணாடியில் ரிப்பன். வாரங்கள் போகப் போகத் தெரபி மேடம் ஒவ்வொன்றாக உரித்து எடுத்தாள். "கரை எங்க இருக்குன்னு தெரிஞ்சா போதும். கொடி எதுக்கு?" உரித்த இடத்திலும் அவர் கண் போய் வந்தது. சில நாள் போகாது. அன்று தாடி பாதி மிஞ்சும். சித்தி எதுவும் சொல்ல மாட்டாள், இடது பக்கம் நின்று இருமுவாள்.

"சார், முன்னாடி நீங்க எந்த ஓரத்துலேர்ந்து திட்ட ஆரம்பிப்பீங்க?" என்று ஒருநாள் கேட்டாள்.

"வலது ஓரம்."

"இனிமே இடது."

"பழக்கத்தை மாத்தினா திட்டு வருமா மேடம்?"

"உங்களுக்கா வராது?"

போட்டோ நாள் வந்தது. காலேஜ் மைதானத்தில் மூன்று வரிசை பெஞ்சு. முன்னால் நாற்காலிகளில் ஆசிரியர்கள், நடுவில் பிரின்சிபால். எல்லோரும் வெள்ளைச் சட்டை போட வேண்டும் என்று உத்தரவு. நான் ஒரு முடிவோடு போயிருந்தேன். தக்காளிச் சிவப்பில் ஒரு சட்டை. வழக்கமான இடத்தில், கேமராவுக்கு இடது ஓரத்தில் ஏறி நின்றுகொண்டேன். வெள்ளைக் கூட்டத்தின் கரையில் நான் ஒருத்தன் ரிப்பன்.

"என்னப்பா இது?" என்றார் துறைத்தலைவர், நாற்காலியில் உட்கார்ந்தபடியே திரும்பி. "வெள்ளை எங்க?"

"துவைக்கப் போட்டிருக்கேன் சார்."

"மூணு வருஷமா துவைக்காதவனுக்கு இன்னைக்கா ஞானம் வந்துச்சு?"

சித்தப்பா வந்தார். தடியைச் சித்தியிடம் கொடுத்தார். சித்தி, உதவிவிடக் கூடாதென்று, தடியை இரண்டு கையாலும் இறுகக் கட்டிக்கொண்டாள். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றினார். தெரபி மேடம் எங்களைப் பார்க்கவில்லை. சித்தப்பாவின் கழுத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சித்தப்பா குனிந்து கேமராவுக்குள் பார்த்தார். நிமிர்ந்தார். முகம் வலது பக்கம் போனது. அங்கேயே நின்றது. கேமராவின் மூக்கு வலது பக்கம் பார்த்துத்தான் இருந்தது. இப்படியே அழுத்தினால் எங்கள் பக்கம் ஒரு பெஞ்சே போய்விடும். கையை ஆட்டலாமா, பிஸ்கட் கடிப்பது போலச் சத்தம் கொடுக்கலாமா என்று யோசித்தேன். அப்போது அந்தக் கழுத்து அசைந்தது. மெதுவாக, துருப்பிடித்த கதவு திறப்பது போல, நடு வரிசையைத் தாண்டி, ஆட்களைத் தாண்டி, என்மேல் வந்து நின்றது.

"டேய் வாலு. யாருடா உன்னைத் தக்காளிக் கடையிலேர்ந்து அனுப்பினது?"

மைதானமே சிரித்தது. எனக்கு உயிர் வந்தது.

"இறங்கு. அந்த ஓரத்துக்குப் போ."

அவர் காட்டியது வலது ஓரம். நான் இறங்கி, கேமரா பக்கம் போகிற சாக்கில் அவர் காதருகே குனிந்தேன். "சித்தப்பா, நான் இந்தப் பக்கம் நின்னாத்தானே உங்களுக்கு..."

"எதுக்குப் போட்டுட்டு வந்திருக்கன்னு எனக்குத் தெரியாதா?" அவரும் குரலைத் தாழ்த்தினார். "கரை எங்கேன்னு தெரியும்டா. கொடி வேண்டாம். போ."

போனேன். பள்ளியில் ஆரம்பித்து அன்றுவரை நான் வலது ஓரத்தில் நின்றதே இல்லை. அங்கே வெயில் கண்ணில் அடித்தது. என் பழைய இடத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு ஒல்லிப் பையனை நிறுத்தினார். முதல் பெஞ்சுக்காரன். இருப்பதே யாருக்கும் தெரியாத அளவு அமைதியானவன்.

சித்தப்பா கேமராவை இடது பக்கம் திருப்பிச் சரிசெய்துவிட்டு, அவனிடமிருந்து ஆரம்பித்தார். "ஒல்லி, மூச்சு விடு, இல்லேன்னா படத்துல நீலமா விழுவ. பக்கத்துல பச்சைக் கிளிப்பு, தலையைத் தூக்கும்மா. அதுக்குப் பின்னால, ஆமா நீதான், காதைச் சொறியறதை வீட்டுல வச்சுக்க." ஒவ்வொரு முகமாக, ஒருவரையும் விடாமல் திட்டிக்கொண்டே போனார். பிரின்சிபாலிடம் வந்தபோது மட்டும், "ஐயா, நீங்களும்தான்" என்றார். பிரின்சிபால் முதுகை நிமிர்த்தினார். வலது ஓரத்துக்கு வந்தார். என்னைத் திட்டவில்லை. அது எனக்குச் சந்தேகமாக இருந்தது.

அழுத்தினார். கேமராவை லேசாக ஒரு நகர்த்து நகர்த்தினார். மறுபடி அழுத்தினார்.

"முடிஞ்சுது. கலையலாம்."

நாங்கள் மூன்று பக்கமிருந்தும் ஓடிப் போய்க் கேமராவின் சின்னத் திரையைச் சூழ்ந்தோம். கடைசியாக எடுத்த படம் அதில் இருந்தது. தெரபி மேடம் இடது ஓரத்தைப் பார்த்தாள். ஒல்லி இருந்தான், அவனுக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் மைதானமும் இருந்தது. சித்தி தடியோடு சித்தப்பாவின் தோளில் சாய்ந்தாள். அப்பாதான் முதலில் பார்த்தார்.

"டேய், அந்த ஓரம்..."

வலது ஓரத்தில் என் சிவப்புச் சட்டை பாதி இருந்தது. ஒரு காது, ஒரு கண், சரியாகப் பாதி மூக்கு. அதற்கப்புறம் படம் முடிந்துவிட்டது.

"இப்ப வலது பக்கமும் போச்சா?" என்றார் அப்பா. சித்தி நிமிர்ந்தாள். தெரபி மேடம் கையை நீட்டினாள். "சார், இங்க பாருங்க. என் விரலைப் பாருங்க. எத்தனை?"

சித்தப்பா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார், திட்டுவதற்கு முன்னால் பார்ப்பது போல. நன்றாகப் பயப்படும்வரை விட்டார். பிறகு ஒரு பித்தானை அழுத்தினார். முந்தைய படம் வந்தது. ஒல்லியிலிருந்து தக்காளி வரை எல்லோரும் முழுசாக இருந்தார்கள். ஒருவர் கண்ணும் மூடவில்லை. இரண்டு ஓரத்திலும் ஒரே அளவு மைதானம்.

"இது காலேஜுக்கு" என்றார். மறுபடி பித்தானை அழுத்தினார். "இது எனக்கு. எங்க வெட்டணும்னு நான் முடிவு பண்ணி வெட்டினது."

தெரபி மேடம் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தாள். சித்தி தடியால் அவர் காலில் ஒன்று வைத்தாள். இடது கால். "ஆ" என்றார் சித்தப்பா, சரியான காலைப் பார்த்து.

அந்த இரண்டாவது படத்தைத்தான் பெரிதாக்கிச் சட்டம் போட்டு ஸ்டூடியோ கண்ணாடிக்குப் பின்னால் மாட்டியிருக்கிறார். தெருவில் போகிறவர்கள் எல்லோரும் நின்று பார்க்கிறார்கள். தையல்காரர் ஒருநாள் உள்ளே வந்து, "ஓரத்துல உங்க அண்ணன் பையன் பாதிதானே இருக்கான், மீதி எங்க?" என்று கேட்டார்.

"என்கிட்டதான் இருக்கு" என்றார் சித்தப்பா. "அரியரை முடிச்சிட்டு வரட்டும், ஒட்டிக் குடுத்துடுறேன்."